புகைபோட்ட ஹெர்ரிங் பச்சை மீன் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவில் எங்கே சாப்பிடலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையில், "பச்சை மீனுக்குப் புகை காட்டி அப்படியே தின்கிறார்கள், நம் வயிற்றுக்கு ஒத்துவராது" என்று ஒரு வரி இருக்கிறது. இதைப் படித்துவிட்டு வருகிறவர்கள், ஹெர்ரிங் என்ற கடல்மீனைப் புகையில் வேகவைத்து விற்கும் புகைமீன் கூடத்தின் வாசலோடு திரும்பி பீட்சா கடைக்குத்தான் போவார்கள். இந்தத் தீவின் சமையலறைகளில் வேலை பார்க்கிறவன் நான். எனக்குப் பொறுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அது நன்றாக வெந்த மீன், ஐயா. கழுவிய ஹெர்ரிங்கை இரும்புக் கம்பியில் வரிசையாகக் கோத்து, அடுப்பின் மேல் தொங்கவிட்டு முதலில் உலர்த்துகிறார்கள். தோலில் ஈரம் நின்றால் நிறம் ஏறாது. கரி படிந்து கசக்கும். அதன் பிறகுதான் ஆல்டர் விறகின் புகை. தீ ஓங்கினால் மீனின் வயிறு வெடித்து, கம்பியிலிருந்து நழுவித் தணலில் விழும். அதற்காகவே பழைய முறையில் நீண்ட கழியின் நுனியில் ஈரச் சாக்கைக் கட்டி, ஒருவர் தீயை அடக்கியபடியே நிற்பார். நான்கைந்து மணி நேரத்தில் தோல் பொன்னிறமாகிவிடும், சதை முள்ளை விட்டு விலகிவிடும். வேகாமல் இருப்பது குளிர்புகை, அதாவது சூடில்லாத புகை, காட்டிய சால்மன் மீன். இரண்டும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். எது எது என்று விற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

கேட்டிருந்தால் சாப்பிடும் விதத்தையும் சொல்லியிருப்பார்கள். மீன் சூடாக இருக்கும்போதே முதுகோரமாகக் கத்தியால் கீறி, தோலை உரித்து, மேல்பக்கச் சதையைப் புரட்டிவிட்டால் நடுமுள் அப்படியே தெரியும். தலையைப் பிடித்து வால் பக்கமாகத் தூக்கினால் முழு முள்ளும் கையோடு வரும். ஆறவிட்டால் சதை ஒட்டிக்கொண்டு கிழியும். ஹெர்ரிங் நம் மத்திக்கு உறவுதான், பொடிமுள் கொஞ்சம் இருக்கும். மத்தி தின்றவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

கட்டுரையாளர் எச்சரித்திருக்க வேண்டியது வேறொன்றைப் பற்றி. இத்தீவின் குத்யெம் என்ற ஊரின் பெயரில் வரும் 'குத்யெம் மேல் சூரியன்' என்ற தட்டைப் புகழ்ந்திருக்கிறார். ரை ரொட்டியின் மேல் முள் நீக்கிய ஹெர்ரிங், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் போன்ற கீரை, முள்ளங்கி, கல்லுப்பு, நடுவே ஒரு முட்டையின் மஞ்சள் கரு. அந்தக் கரு வேகாதது. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் கரு இல்லாமல் கேட்டு வாங்க வேண்டும். அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

தீவின் நெக்ஸோ துறைமுகத்தில் அன்றன்று பிடித்த காட் மீனை வறுத்துத் தருவார்கள் என்றும் வாசித்தேன். பால்டிக்கின் கிழக்குப் பகுதியில் காட் மீனைக் குறிவைத்துப் பிடிப்பது 2019 முதல் நிறுத்தப்பட்டிருக்கிறது. ஆழத்தில் ஆக்சிஜன் குறைந்து, இரை கிடைக்காமல் மீன் மெலிந்து, சீல்களிடமிருந்து பரவும் ஈரல் புழுவும் சேர்ந்து, அந்த இனம் நொடித்துப்போய்விட்டது. மீனவர்கள் தொழிலை விட்டு வெளியேறிய ஒரு துறைமுகத்தைப் பற்றி இவ்வளவு அலட்சியமாக எழுதலாமா? இன்று தட்டில் வரும் காட் வேறு கடலில் பிடித்தது.

டிசம்பர் விடுமுறைக்கு ஏற்ற இடம் என்று முடித்திருக்கிறார்கள். புகைமீன் கூடங்களில் பெரும்பாலானவை ஈஸ்டரையொட்டித் திறந்து, அக்டோபர் நடுவில் வரும் 42ஆம் வாரப் பள்ளி விடுமுறையோடு மூடிவிடும். டிசம்பரில் வருகிறவர் குத்யெமில் பூட்டிய கதவுகளைத்தான் பார்ப்பார். கோடையிலும் பல சமையலறைகள் இரவு எட்டு, எட்டரைக்கு அடுப்பை அணைத்துவிடும். தென்கரையில் உள்ள, மிஷெலின் நட்சத்திரம் பெற்ற 'கடோ' என்ற உணவகம் கோடைப் பருவத்துக்கு மட்டுமானது; முன்பதிவில்லாமல் போய் நிற்க முடியாது. ஜூன் நடுவில் அலிங்கேயில் நடக்கும் ஃபோல்கெமோடெ அரசியல் விழாவின்போது அந்த வடகரையில் மேசை கிடைப்பதே கடினம்.

பழைய முறையில் புகைபோடுவதை அருகில் பார்க்க ஹாஸ்லே. மீனை வாங்கிக்கொண்டு கடலோரம் உட்கார்ந்து தின்ன, ஐந்து வெள்ளைப் புகைபோக்கிகள் நிற்கும் ஸ்வானெகே. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அலிங்கேயிலோ குத்யெமிலோ உள்ள பஃபே; தட்டுகள் நிறைந்திருக்கும் முதல் மணி நேரத்தில் போய்விட வேண்டும். சைவர்களுக்கு ரை ரொட்டியின் மேல் அவித்த உருளைக்கிழங்கு, மயோனைஸ், பொரித்த வெங்காயம் வைத்துத் தருவது மதியத்தில் பல இடங்களில் உண்டு. எந்தக் கடையானாலும் வாசலில் உணவுத்துறையின் சோதனை அறிக்கை ஒட்டியிருக்கும். சிரிக்கும் முகம் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நுழையலாம்.

தங்கள் இதழில் டென்மார்க் படும் பாடு புதிதல்ல. வடக்கே உள்ள ஸ்கேகன் ஊரைப் பற்றிய கட்டுரைக்குக் கோபன்ஹேகனின் நியூஹாவன் கால்வாய்ப் படத்தைப் போட்டீர்கள். சுட்டிக்காட்டி எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. பத்து சதவீதம் டிப்ஸ் கட்டாயம் என்று ஒருமுறை வந்தது. இங்கே விலைப்பட்டியலில் உள்ள தொகைக்குள்ளேயே சேவைக் கட்டணமும் 25 சதவீத வரியும் அடக்கம். டென்மார்க் என்றாலே தரங்கம்பாடியில் தொடங்கி, 1620இல் கோட்டை, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்பனை என்று பாதிப் பக்கத்தை நிரப்பிவிடுகிறீர்கள். அந்த வரலாறு உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். தீவுக்கு வந்திறங்குகிறவருக்கு, ஸ்வீடனின் இஸ்டாடிலிருந்து தீவின் ரோன்னே துறைமுகத்துக்கு விரைவுக் கப்பலில் 80 நிமிடம் ஆகும் என்பதும், ரோன்னேயிலிருந்து குத்யெமுக்குப் பேருந்து உண்டு என்பதும்தான் வேண்டும். அந்த இரண்டுக்கும் இடம் இல்லாமல் போனது.

தங்கள் மீது எனக்கு மரியாதை குறையவில்லை. குறைந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அடுத்த இதழில் ஒரு சிறு கட்டம் போட்டுத் திருத்தம் வெளியிடுங்கள்: மீன் வெந்தது, கரு வேகாதது, நெக்ஸோ காட் இல்லை, அக்டோபருக்குப் பிறகு வருகிறவர்கள் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வரவும். நான்கு வரி போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ரோன்னே, போர்ன்ஹோம்.