சோமனூர் மாப்ளைக்கு, மோர்ஸ் பழகுவது பற்றி

அன்புள்ள மாப்ள,

உன் மெயில் வந்து மூன்று வாரம் ஆகிறது, இன்றைக்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன், மன்னித்துக்கொள். கோடை முழுக்கக் கிணற்றுக்காரர்கள் மோட்டாரைப் புகைய விட்டுக் கொண்டுவந்து போட்டார்கள், பட்டறையில் கால் வைக்க இடமில்லை. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்ட பிறகுதான் காயில் கட்டும் வேலை கொஞ்சம் குறைந்து மூச்சு விட முடிகிறது. தங்கச்சிக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? போன முறை வந்தபோது மாடிப்படி ஏறவே சிரமப்பட்டது. சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு மோர்ஸ், அதாவது குட்டிச் சத்தமும் நீளச் சத்தமுமாக எழுத்தை அனுப்பும் அந்தத் தந்தி முறையை, பழக முடியுமா, இந்த வயதில் மண்டையில் ஏறுமா என்று கேட்டிருந்தாய். ஏறும் மாப்ள. எனக்கு ஏறிவிட்டது. ஆனால் முதல் நாலு மாதம் நான் தப்பான வழியில் போனேன், நீ அந்த வழிக்கே போகக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் என்ன செய்தேன் என்றால், ஒரு அட்டவணையைப் பிரிண்ட் எடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டினேன். ஏ என்றால் புள்ளி கோடு, பி என்றால் கோடும் மூன்று புள்ளியும், இப்படி. போனில் ஒரு ஆப் வேறு, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு படம் போட்டு அதற்குள்ளே புள்ளியையும் கோட்டையும் ஒளித்துக் காட்டும். ஒரே வாரத்தில் 26 எழுத்தும் மனப்பாடம் ஆகிவிட்டது, எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் காதில் கேட்கப் போனேன், ஒன்றுமே பிடிபடவில்லை. சத்தம் வருகிறது, நான் புள்ளியை எண்ணுகிறேன், எண்ணியதைச் சுவரில் இருந்த அட்டவணையில் மனசுக்குள்ளே தேடுகிறேன், தேடி முடிப்பதற்குள் அடுத்த இரண்டு எழுத்து போய்விடுகிறது. நிமிடத்துக்கு 5 சொல் வரைக்கும் தட்டுத்தடுமாறி வந்தேன், அதற்கு மேலே ஒரு சுவர் மாதிரி நின்றுவிட்டது. எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் நகரவில்லை.

காரணம் பின்னால்தான் புரிந்தது, அதை உன் தறியை வைத்தே சொல்கிறேன். உன் தறிக்குடோனில் அத்தனை தறியும் ஓடிக்கொண்டிருக்கும்போது வாசலில் நின்று என்னோடு பேசிக்கொண்டிருப்பாய், திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே போவாய், போய்ப் பார்த்தால் மூன்றாவது தறியில் ஊடை அறுந்து நிற்கும். நீ எதையாவது எண்ணினாயா? ஒரு தறியின் சத்தம் குறைந்தது என்று காது சொன்னது, கால் போனது, அவ்வளவுதான். மோர்ஸும் அப்படித்தான் வர வேண்டும். கோட்டுக்கு ‘டா’, புள்ளிக்கு ‘டி’ என்று சத்தம், ‘டா டி டா’ என்று கேட்டவுடன் கை ‘கே’ என்று எழுத வேண்டும், நடுவே புள்ளி, கோடு, அட்டவணை எதுவும் வரக்கூடாது. அட்டவணையைக் கண்ணால் பழகினவனுக்கு அந்த நடுவழியை அழிக்கவே தனியாகப் பல மாதம் ஆகிறது. அதனால் தயவுசெய்து அட்டவணையைப் பார்க்காதே. இப்போதே சொல்லிவிட்டேன்.

1930களில் லுட்விக் கோக் என்ற ஜெர்மன் உளவியலாளர் ரேடியோ ஆபரேட்டர்களை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார். அவர் சொன்ன முறை இதுதான்: முதல் நாளே முழு வேகத்தில், ஆனால் இரண்டே எழுத்து. அந்த இரண்டும் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்த பிறகு மூன்றாவது, அப்புறம் நாலாவது. அந்தக் காலத்தில் இது நடைமுறைக்குக் கஷ்டம், ஏனென்றால் ஒவ்வொரு ஆளுக்கும் அவனவன் தேறின அளவுக்குத் தனியாக யார் உட்கார்ந்து அடித்துக்கொடுப்பது? கம்ப்யூட்டருக்கு அந்தச் சலிப்பே கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்டாலும் அடிக்கும், எழுதினதைத் திருத்தும், எந்த எழுத்தில் அதிகம் தவறினாய் என்று கணக்கும் காட்டும்.

நான் பயன்படுத்துவது எல்.சி.டபிள்யூ.ஓ. என்ற இணையதளம், காசு இல்லை, பிரவுசரிலேயே ஓடும். 40 பாடம். முதல் பாடம் ‘கே’யும் ‘எம்’மும், ‘டா டி டா’வும் ‘டா டா’வும். ஐந்தைந்து எழுத்தாகக் கலைத்துப்போட்டு ஒரு நிமிடத்துக்கு வரும், நீ தட்டச்சு செய்ய வேண்டும். கலைத்துப்போடுவதில் ஒரு காரணம் இருக்கிறது. சொல்லாக வந்தால் முதல் மூன்று எழுத்தைக் கேட்டு மீதியை மனசு ஊகித்துவிடும், காது வேலை செய்யாது.

வேகம் வைக்கும் இடத்தில் இரண்டு எண் கேட்கும், அங்கேதான் பலரும் தவறுகிறார்கள். மோர்ஸ் வேகத்தைப் ‘பாரிஸ்’ என்ற சொல்லை வைத்து அளக்கிறார்கள், ஒரு புள்ளி ஒரு அலகு என்றால் அந்தச் சொல் பின்னாலுள்ள இடைவெளியோடு சேர்த்து சரியாக 50 அலகு. நிமிடத்துக்கு 20 சொல் என்றால் ஒரு புள்ளி 60 மில்லிவினாடி. நம் இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று படித்தோமே, இங்கே நெடில் மாதிரியான கோட்டுக்கு மூன்று. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று அலகு இடைவெளி, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு. இப்போது 5 சொல் வேகத்தில் வைத்தால் புள்ளியே 240 மில்லிவினாடி, கோடு முக்கால் வினாடியை நெருங்கிவிடும். அவ்வளவு நீளமாக வந்தால் மனசால் எண்ணாமல் இருக்கவே முடியாது, நான் மாட்டிக்கொண்டது அங்கேதான். அதனால் எழுத்தின் வேகத்தை 20இல் வை, மொத்த வேகத்தை 8இல் வை. எழுத்து பட்டென்று ஒரே உருவமாக வந்துவிடும், அடுத்த எழுத்து வருவதற்கு மட்டும் நிறைய நேரம் கிடைக்கும். இதை ஃபார்ன்ஸ்வர்த் முறை என்கிறார்கள். நாள் போகப்போக எழுத்தின் வேகத்தைத் தொடாமல் இடைவெளியை மட்டும் குறைத்துக்கொண்டே வா.

காலையில் கால் மணி, ராத்திரி கால் மணி போதும். ஒரு மணி நேரம் ஒரே மூச்சாக உட்கார்ந்தால் காது களைத்துப்போய் தப்பையே பழகிவிடுகிறது. எனக்கு 40ஆவது பாடம் வர ஏழு மாதம் ஆயிற்று. பெரிய தொல்லை கொடுத்தது எச், எஸ், 5 மூன்றும்தான், எல்லாம் வெறும் புள்ளி, நாலு, மூன்று, ஐந்து. ஒரு வாரம் அந்த மூன்றை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்டேன், ஒரு நாள் காலையில் தானாகப் பிரிந்துவிட்டது. எப்படிப் பிரிந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அப்புறம் பெரியப்பா விஷயம். உனக்கு ஞாபகம் இருக்கும், தந்தி ஆபீசில் வேலை பார்த்தவர், நாம் சின்னப் பையன்களாக இருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து விரலால் கட்டு கடகட என்று தட்டிக்கொண்டே இருப்பாரே. இப்போது 84 வயது, காது சுத்தமாகக் கேட்பதில்லை, வீட்டில் எல்லோரும் கத்திக் கத்திப் பேசிச் சலித்துவிட்டார்கள். 2013 ஜூலை 15 முதல் தந்தி சேவையையே நிறுத்தியபோது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். போன தை மாதம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய உள்ளங்கையில் என் கட்டைவிரலால் அழுத்தினேன், குட்டியாக ஒன்று, நீளமாக ஒன்று. ‘சாப்டாச்சா’ என்று இங்கிலீஷ் எழுத்தில். பாதியிலேயே என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். என்னவோ ஏதோ என்று பார்த்தால், “எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவுல மூச்சு உடு கண்ணு, எல்லாம் ஒண்ணாப் போயிருது” என்றார். மறுபடி அடித்தேன். சரியாக வாங்கிக்கொண்டு என் கையைத் திருப்பி அவர் அடித்தார் பார், என்ன வேகம், எனக்குக் கடைசி நாலு எழுத்துதான் கிடைத்தது. இப்போது தினமும் ராத்திரி பத்து நிமிடம் எங்களுக்குள் இப்படித்தான் பேச்சு. என் பழக்கத்துக்கு உண்மையான வாத்தியார் அவர்தான், கம்ப்யூட்டர் நிரல் எனக்குக் காதைக் கொடுத்தது, கையை அவர் திருத்துகிறார்.

அடித்துப் பழகுவதற்கு விலை கொடுத்துச் சாவி, அதாவது தந்தி ஆபீசில் விரலால் அழுத்தி அடிக்கும் கருவி, வாங்க வேண்டாம். ஒரு ஆக்சா பிளேடு, ஒரு துண்டு தேக்குப் பலகை, இரண்டு பித்தளை போல்ட் போதும். பிளேடின் ஒரு முனையைப் பலகையில் இறுக்கி, மறுமுனையில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, அழுத்தினால் கீழே போல்ட்டைத் தொடுகிற மாதிரி வை. பழைய வயர் மவுஸ் ஒன்றைப் பிரித்து, இடது கிளிக்குக்கு அடியில் இருக்கும் சின்ன சுவிட்சின் இரண்டு காலிலும் இரண்டு வயரைப் பற்றவைத்து, ஒன்றைப் பிளேடுக்கும் ஒன்றைப் போல்ட்டுக்கும் கொடு. மவுஸ் கிளிக்கைச் சாவியாக எடுத்துக்கொள்ளும் நிரல்கள் இருக்கின்றன. ஒரு விஷயம், ப்ளூடூத் ஹெட்போன் போடாதே. நீ அழுத்திய பிறகு சத்தம் தாமதமாகக் காதுக்கு வரும், புள்ளியே 60 மில்லிவினாடி, தாமதம் அதைவிட இரண்டு மூன்று மடங்கு, கை தடுமாறிப் போய்விடும். வயர் ஹெட்போன்தான் சரி.

மோர்ஸைக் கேட்டுத் தானாக எழுத்தாக்கிக் காட்டும் நிரல்களும் உண்டு, எஃப்.எல்.டிஜி மாதிரி. நீ அடிப்பது சீராக இருக்கிறதா என்று பார்க்க அது உதவும், எனக்கும் உதவியது. ஆனால் அடுத்தவர் அடிப்பதைப் படிக்க அதை நம்பாதே. கம்ப்யூட்டர் அடித்ததை அது சுத்தமாகப் படிக்கும், மனிதன் கையால் அடித்ததை, அதுவும் இரைச்சலுக்கு நடுவே, உளறிவிடும். காது அந்த இடத்தில் இன்னும் மேல்.

ஓரளவு வந்த பிறகு மோர்ஸ் ரன்னர் என்று ஒன்று இருக்கிறது, பல நிலையங்கள் ஒரே நேரத்தில் உன்னைக் கூப்பிடுகிற மாதிரி, இரைச்சல், மங்கல் எல்லாம் சேர்த்துப் போடும். முதல் முறை கேட்டபோது குடோனுக்குள்ளே தலையை விட்ட மாதிரி இருந்தது. நெதர்லாந்தில் ட்வென்ட்டே பல்கலைக்கழகம் வைத்திருக்கும் வெப் எஸ்.டி.ஆர். ரேடியோவை இணையத்திலேயே திருப்பி உண்மையான ஆட்கள் அடிப்பதையும் கேட்கலாம். ராத்திரி 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போய்ப் பார், குளிரில் பல் தந்தி அடிப்பது போல மூலைக்கு மூலை கேட்கும்.

இது எதற்கு ஆகும் என்று தங்கச்சி கேட்கும். 2003இலேயே உலக ரேடியோ மாநாட்டில் அமெச்சூர் உரிமத்துக்கு, அதாவது பொழுதுபோக்காகச் சொந்த ரேடியோவில் பேசுவதற்கான உரிமத்துக்கு, மோர்ஸ் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டார்கள், நாடுகள் தங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம் என்று. நம் ஊரில் அந்த உரிமத்தின் ஜெனரல் கிரேடு தேர்வுக்கு நிமிடத்துக்கு 8 சொல் கேட்கிறார்கள், நான் அதற்குத்தான் தயாராகிறேன். நீயும் எழுதினால் கோபியிலிருந்து சோமனூருக்குப் பகலிலேயே 7 மெகாஹெர்ட்ஸில் பேசிக்கொள்ளலாம், டவர் வேண்டாம், நெட் வேண்டாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கூகுளின் ஜிபோர்டில் 2018இல் மோர்ஸ் விசைப்பலகை சேர்த்தார்கள், பிறவியிலேயே பெருமூளை வாதம் உள்ள டானியா ஃபின்லேசன் என்ற அம்மா அதற்கு உதவினார். இரண்டே பொத்தானில் எல்லாம் எழுதிவிடலாம். பெரியப்பா நடுங்குகிற விரலோடு அதில் எனக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறார், ரோட்டுக்கடையில் முறுக்கு வாங்கி வரச் சொல்லி.

இந்த மெயிலோடு ஒரு ஒலிக்கோப்பு வைத்திருக்கிறேன். ஒரு நிமிடம், எழுத்து வேகம் 20, மொத்த வேகம் 8, ஐந்தைந்தாக வரும், ‘கே’யும் ‘எம்’மும் மட்டும்தான். ஒரு தாளில் பென்சிலால் எழுது, விட்டுப்போன எழுத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ, திரும்பி யோசிக்காதே. எழுதின தாளை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பு, திருத்தி அனுப்புகிறேன். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்தால் மறுநாளே ‘ஆர்’ சேர்த்து அடுத்த கோப்பு.

அன்புடன்,
உன் கோபி பங்காளி