"மாஷே, ஒரு நிமிஷம் வரணுமே": பிற துறைகளுக்கும் ஆபீஸுக்கும் கணினித் துறையின் திறந்த மடல்

அன்புள்ள தமிழ், மலையாளம், தாவரவியல், வணிகவியல் துறையினருக்கும் ஆபீஸ் செக்ஷன் நண்பர்களுக்கும்,

வணக்கம். "மாஷே, ஒரு நிமிஷம் வரணுமே" என்று (இங்கே வாத்தியாரை மாஷே என்பார்கள்) எங்கள் அறைக்கு வரும் போனில், அந்த நிமிஷத்துக்கு ஒருநாளும் அறுபது நொடி இருந்ததில்லை. வருவதில் வருத்தம் இல்லை. ஆனால் நாங்கள் வகுப்பில் நடத்துவது டேட்டா ஸ்ட்ரக்சர், ஆப்பரேட்டிங் சிஸ்டம், கம்பைலர். பிரிண்டரில் பேப்பர் ஏன் சிக்குகிறது என்பது எந்தச் சிலபஸிலும் கிடையாது. விலங்கியல் டீச்சரைக் கூப்பிட்டு வீட்டு மாட்டுக்கு ஊசி போடச் சொல்கிறோமா? பிரிண்டரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் அறைகளில் நின்று தெரிந்துகொண்டதுதான். அதை உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் பேப்பர் சிக்கவும் தொடங்கும். பிரித்துப் போட்ட கட்டு ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. தாள்கள் ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்றாக உள்ளே போகின்றன. மிச்சத்தை அதன் உறையிலேயே சுற்றி வையுங்கள். ட்ரேயில் போடும் முன் கட்டை ஒருமுறை விசிறிவிடுங்கள். சிக்கிவிட்டால் ஸ்விட்சை அணைத்து, பின்கதவைத் திறந்து, இரண்டு கையாலும் பிடித்து, பேப்பர் போகும் திசையிலேயே மெதுவாக இழுக்க வேண்டும். எதிர்த்திசையில் வெடுக்கென்று இழுத்தால் ஒரு துண்டு உள்ளே தங்கும்; அதன்பிறகு பேப்பரே இல்லாதபோதும் "ஜாம்" என்றே காட்டும். லேசர் பிரிண்டரில் பின்பக்கம் இருக்கும் உருளை தோசைக்கல் சூட்டில் இருக்கும், கால் மணி நேரம் பொறுத்துக் கை வையுங்கள்.

பிரிண்ட் வரவில்லை என்றதும் பட்டனைப் பதினான்கு முறை அமுக்க வேண்டாம். அந்தப் பதினான்கும் வரிசையில் காத்திருக்கும். நாங்கள் வந்து கேபிளைச் சொருகியதும் இன்டர்னல் மார்க் லிஸ்ட் பதினான்கு பிரதி வரும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி பிரிண்டர் படத்தை இரட்டைக் கிளிக் செய்தால் வரிசை தெரியும். அங்கேயே கேன்சல் செய்யலாம். "ஆஃப்லைன்" டிக் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

புரொஜெக்டர் சங்கதி சின்னது. "நோ சிக்னல்" என்றால் விண்டோஸ் கீயையும் பி எழுத்தையும் சேர்த்து அமுக்கி "டூப்ளிகேட்" எடுங்கள், பெரும்பாலும் அவ்வளவுதான். பாதி வகுப்பில் தானாக அணைந்தால் அது சூடு. மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் புழுதியை அள்ளிவந்து ஃபில்டரில் அப்பிவிடுகிறது. அந்த இரண்டு மாதமும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள். வகுப்பு முடிந்ததும் சுவர் ஸ்விட்சை நேரே அணைக்காதீர்கள். ரிமோட்டில் அணைத்து, விசிறிச் சத்தம் நின்ற பிறகுதான் ஸ்விட்ச்.

இனி எக்செல். எங்கள் சாயங்காலங்களைத் தின்பது இதுதான்.

"ரெண்டு லிஸ்டையும் சும்மா சேர்த்துக் கொடுங்க மாஷே, உங்களுக்கு ஒரு கிளிக்குதானே" என்று வரும் கோப்புகளில் ஒன்று அட்மிஷன் ரெஜிஸ்டரிலிருந்து வந்தது, இன்னொன்று துறையில் தட்டியது. பொள்ளாச்சிப் பக்கத்துப் பள்ளியில் படித்து வந்த பையன் தன் டிசியில் "கே. முருகன்". கேரளத்துச் சித்தூர் தாலுகாப் பள்ளியில் படித்தவன் "முருகன் கே". தமிழ்நாட்டில் இனிஷியல் முன்னால், கேரளத்தில் பின்னால். முருகனில் வரும் ககரத்தை ஆங்கிலத்தில் அங்கே 'ஜி' போட்டும் இங்கே 'கே' போட்டும் எழுதுவார்கள். தங்கமணிக்கும் இதே கதி. ஒரே பையனை ஒரு லிஸ்டில் அப்படியும் இன்னொன்றில் இப்படியும் எழுதினால், மனிதக் கண்ணுக்கு ஒரே ஆள். எக்செலுக்கு வேறு வேறு ஆள். ஒரு லிஸ்டில் இருப்பதை இன்னொன்றில் தேடி எடுக்கும் விலுக்கப் சூத்திரம் போட்டதும், நெட்டுக்க "என்.ஏ." (கிடைக்கவில்லை) என்று வருவது இதனால்தான்.

ஆகையால் பெயரை வைத்துத் தேடவே வேண்டாம். இரண்டு லிஸ்டிலும் ரெஜிஸ்டர் நம்பர் இருக்கட்டும், அதை வைத்துச் சேருங்கள். அந்த நம்பர் இருக்கும் நெட்டு வரிசையை முதலிலேயே "டெக்ஸ்ட்" ஆக்கிவிட்டுத் தட்டுங்கள். இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகும். அதைவிட மோசம் ஸ்காலர்ஷிப் லிஸ்டில் வரும் வங்கிக் கணக்கு எண். எக்செல் 15 இலக்கம்தான் சரியாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். தட்டிய பிறகு டெக்ஸ்ட் ஆக்கினாலும் போன இலக்கம் திரும்பாது. பிள்ளைக்குப் பணம் வரவில்லை என்ற புகாரின் வேர் அங்கேகூட இருக்கலாம்.

விலுக்கப் எழுதும்போது நான்காவது இடத்தில் "ஃபால்ஸ்" அல்லது 0 கட்டாயம். விட்டுவிட்டால் எக்செல் ஏறத்தாழப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். பரீட்சைக்கே வராதவனுக்குப் பக்கத்து வரிசைக்காரியின் மார்க் விழும். பிழை என்று சிவப்பில் காட்டினாலாவது பரவாயில்லை, இது காட்டாது. வெப்சைட்டிலிருந்து காப்பி செய்த எண் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் பொருந்தாவிட்டால், ஒட்டிக்கொண்டு வந்த இடைவெளியைச் சந்தேகப்படுங்கள். அது சாதாரண இடைவெளி அல்ல, 160-ஆம் எண் எழுத்து. வெற்று இடைவெளியை நீக்கும் "டிரிம்" சூத்திரம் அதைத் தொடாது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைக்கும் "சப்ஸ்டிட்யூட்" போட்டுத்தான் நீக்க வேண்டும்.

தமிழிலும் மலையாளத்திலும் பெயர் தட்டினால் வேறொரு கூத்து. மலையாளத்தில் முருகன், கண்ணன், மணிகண்டன் எல்லாம் சில்லு எழுத்தில், அதாவது உயிர் சேராத தனி மெய்யெழுத்தில் முடியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் தரும் பொது முறையான யூனிகோடின் 5.1 பதிப்பு 2008-இல் வந்தபோதுதான் சில்லுக்குத் தனி எண் கிடைத்தது. அதற்கு முன்பு நகரம், சந்திரக்கலை (நம் புள்ளி போன்றது), கண்ணுக்குத் தெரியாத ஒரு இணைப்பான் என மூன்றைச் சேர்த்து எழுதினார்கள். பழைய கோப்புக் கண்ணனும் புதிய கோப்புக் கண்ணனும் திரையில் இரட்டையர். தேடினால் ஒருவர் மற்றவருக்கு அந்நியர். தமிழும் லேசுப்பட்டதல்ல. "கொ" என்பதன் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் தட்டலாம், தனித்தனியாகவும் தட்டலாம். சிலர் காலுக்குப் பதில் ரகரத்தையே போட்டுவிடுகிறார்கள். கொழிஞ்சாம்பாறை பத்து விதமாக எழுதப்படும் மர்மம் இதுதான்.

சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியிட்டுப் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல்) எக்செலில் திறந்ததும் தமிழுக்குப் பதில் தலையில் கோடு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வந்தால் வைரஸ் என்று அலற வேண்டாம். யூனிகோட் எழுத்தைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். "தமிழ்" என்பதில் குறி ஐந்து, பைட் பதினைந்து. எக்செல் பைட்டுக்கு ஒரு எழுத்தாகப் படித்துவிடுகிறது. இரட்டைக் கிளிக்கில் திறக்காமல், டேட்டா மெனுவில் "ஃப்ரம் டெக்ஸ்ட்" வழியாகப் போய் 65001 (யூடிஎஃப்-8-இன் எண்) என்பதைத் தேர்ந்தெடுங்கள். சேவ் செய்யாமல் மூடியிருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது.

பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்டில் தட்டிய வினாத்தாளை வேறு சிஸ்டத்தில் திறந்து ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தால், ஃபான்டை லதா என்ற யூனிகோட் ஃபான்டுக்கு மாற்றிப் பயனில்லை. உள்ளே இருப்பது உண்மையிலேயே ஆங்கில எழுத்துதான். பாமினி அதன் மேல் தமிழ் வேஷம் கட்டியிருக்கிறது. பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், அல்லது யூனிகோடில் தட்ட உதவும் தமிழ்99 விசைப்பலகை பழகுங்கள். தமிழ்த் துறையினர் இரண்டாவதைச் செய்தால் சந்தோஷப்படுவோம்.

இத்தனைக்கும் பிறகு கூப்பிட வேண்டி வந்தால் "கம்ப்யூட்டர் போயிடுச்சு" என்று சொல்லாதீர்கள். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுங்கள். கடைசியாக எதைத் தொட்டீர்கள் என்பதையும், ஒரு சிஸ்டத்தில்தானா எல்லாவற்றிலுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். லேப் நேரத்தில் மட்டும் வேண்டாம். முப்பது பேர் ஒரே செமிகோலனைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று. லேப் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய விஜிஏ-எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் ஓணம் லீவுக்கு முன்பிலிருந்து காணவில்லை. வெள்ளை நிறம், வயரில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். உங்கள் மேஜை டிராயரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
கணினித் துறை ஆசிரியர்கள்