சட்டைக் கவரும் முத்து காமிக்ஸும்

அன்புள்ள மாயாவி,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். போன மாதம் ஓட்டலில் பில் வந்த நேரம் பார்த்து, காமிக்ஸில் வரும் இரும்புக்கை மாயாவி மாதிரி உனக்கும் கரண்ட் ஷாக் அடித்து ஆளே மறைந்துவிட்டாய் என்று வாத்தியார் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பல்வலி தேவலையா? தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

தொப்பி கிளம்பிவிட்டான், தெரியுமல்லவா? மகள் வீட்டோடு மெல்போர்ன். போகிற முந்தின நாள் ஆட்டோவில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய அவன் சேர்த்து வைத்த பழைய தமிழ் காமிக்ஸைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் இறக்கினான். "பாதி உனக்கு, பாதி மாயாவிக்கு. சண்டை போடாமல் பிரித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விட்டான். கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கத்தான் அவசரம்.

அதற்கு மறுநாள் உன் வாய்ஸ் மெசேஜ். "எல்லாத்தையும் லேமினேட் பண்ணிரு, மிச்சத்தை வேக்குவம் பேக்ல போட்ரு, பேரன் காலம்வரைக்கும் நிக்கும்." அடப்பாவி! போனில் பதில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். தூத்துக்குடிக் கடல்காற்றில் உன் பங்கு என்ன கதி ஆகும் என்ற கவலையும் உண்டு.

முதலில் பெட்டிக்குள் என்ன பார்த்தேன் என்று சொல்கிறேன். தொப்பி பாசக்காரன், ஆனால் பாசத்தை பி.வி.சி. கவரில் போட்டு வைத்திருக்கிறான். பழைய போட்டோ ஆல்பத்தில் வருமே, கனமான, பளபளவென்ற உறை, அது. பெட்டியைத் திறந்ததும் புது ரெயின்கோட் வாசனை. ஒரு முத்து காமிக்ஸை உருவினேன். அட்டையில் இருந்த சிவப்பு மை உறையின் உட்புறத்தில் கண்ணாடிப் பிம்பமாக ஒட்டிக்கொண்டு வந்தது. புத்தகத்தில் இரும்புக்கை மாயாவியின் முகம் பாதி, பிளாஸ்டிக்கில் பாதி. பி.வி.சி. வளையவேண்டும் என்பதற்காக அதில் ஒரு எண்ணெய் போன்ற பொருளைக் கலக்கிறார்கள். நாளாக ஆக அது கசிந்து மையை இளக்கிவிடுகிறது. பிளாஸ்டிக் சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வெளிவரும். காகிதத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எந்த உறை பி.வி.சி. என்று சந்தேகம் வந்தால் அடுப்படியிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு செம்புக்கம்பியை இடுக்கியில் பிடித்து அடுப்பில் பழுக்கக் காய்ச்சு. சூட்டோடு உறையின் ஓரத்தில் தொட்டு, கொஞ்சம் பிளாஸ்டிக் ஒட்டியதும் மறுபடி நெருப்பில் காட்டு. பச்சையாக எரிந்தால் உள்ளே குளோரின் இருக்கிறது, தூக்கிப் போடு. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய். அந்தப் புகை நல்லதல்ல. நான் செய்தபோது எங்கள் வீட்டம்மா "சாம்பார் கொதிக்கிற அடுப்பில் என்ன மாந்திரீகம்?" என்று கேட்டாள். பச்சை ஜுவாலையைப் பார்த்ததும் அவளும் நின்று பார்த்தாள், அது வேறு.

இனி உன் வேக்குவம் பேக். நம் காமிக்ஸ் எல்லாம் நியூஸ்பிரிண்ட். மரத்தை அப்படியே அரைத்துச் செய்த காகிதம், அதனால் மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டு அது மஞ்சளாகிறது, கூடவே அமிலமும் ஊறுகிறது. வெளியிலிருந்து யாரும் ஊற்றவேண்டியதில்லை, காகிதமே சுரக்கிறது. அதைக் காற்றுப் புகாமல் அடைத்தால் அந்த ஆவி உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். அமிலக் காகிதத்தை நல்ல பாலியெஸ்டர் உறையில் நாலு பக்கமும் அடைத்தால்கூடச் சும்மா இருப்பதைவிடச் சீக்கிரம் நொறுங்குகிறது என்று அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ஆய்வில் கண்டிருக்கிறார்கள். லேமினேஷனோ ஒருவழிப்பாதை. சூட்டில் உருகிய பசை காகித நாருக்குள் இறங்கிவிட்டால் அதைப் பிரிக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. செல்லோ டேப்பையும் அதே பட்டியலில் சேர்த்துக்கொள். தொப்பி ஒட்டிய டேப் எல்லாம் உதிர்ந்துவிட்டது, அடியில் பழுப்புக் கோடு மட்டும் அழியாமல் நிற்கிறது.

சரி, அப்போது எதில்தான் வைப்பது என்பாய். உறை என்றால் மூன்றுதான்: பாலியெஸ்டர், பாலிபுரோப்பிலீன், பாலிஎத்திலீன். மைலார், மெலினெக்ஸ் என்று சொல்வது முதலாவது. கண்ணாடி மாதிரி இருக்கும், விறைப்பாக நிற்கும், காலத்துக்கும் மாறாது. விலைதான் கையைக் கடிக்கும். 1972-இல் வந்த முதல் 'இரும்புக்கை மாயாவி' பெட்டியில் இருக்கிறது (ஆமாம், இருக்கிறது, கத்தாதே), அதற்கும் இன்னும் சிலதுக்கும் மட்டும் பாலியெஸ்டர் போதும். மற்றதுக்கு, சட்டை பேக் பண்ணுகிற பி.ஓ.பி.பி. கவர் இருக்கிறதே, அது பாலிபுரோப்பிலீன்தான். மோசமில்லை, சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஆனால் மூடியில் இருக்கும் கோந்துப் பட்டையை வெட்டி எறிந்துவிடு. புத்தகத்தை உருவும்போது அட்டை அதில் பிடித்துக்கொண்டு கிழியும்.

இன்னொரு கஷ்டம், அளவு. வெளிநாட்டில் இருந்து வரும் கவரெல்லாம் அமெரிக்கக் காமிக்ஸுக்கு வெட்டியவை, சுமார் 17.5-க்கு 26.5 சென்டிமீட்டர். நம் பாக்கெட் சைஸ் புத்தகம் அதற்குள் அங்குமிங்கும் ஓடி மூலை மழுங்குகிறது. 1984-இல் லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் எல்லாம் வந்து, ஆளுக்கொரு அளவு. பத்திரமாக வைக்க அச்சிட்டவர்களா அவர்கள்? பஸ் ஸ்டாண்டில் வாங்கி, ஊர் போய்ச் சேருவதற்குள் படித்து முடிக்க அச்சிட்டது.

உறையைவிட முக்கியம் உள்ளே வைக்கும் அட்டை. இதற்காகப் பேப்பர் கடைகள் இருக்கும் ஆண்டர்சன் தெருவில் ஒரு மத்தியானம் முழுக்க அலைந்தேன். ஒரு கடையில் "ஆசிட் ஃப்ரீ அட்டை இருக்கா?" என்று கேட்டேன். "நாங்க பேப்பர்தான் சார் விக்கிறோம், ஆசிட்லாம் இல்லை" என்றார் ரொம்ப மரியாதையாக. பளிச்சென்று வெள்ளையாக ஒன்றை எடுத்துக் காட்டினார். திருப்பிப் பார்த்தால் சாம்பல் நிறம், ஸ்வீட் பாக்ஸ் டூப்ளெக்ஸ் அட்டை. பழைய பேப்பரைக் கூழாக்கிச் செய்தது. எதிலிருந்து புத்தகத்தைக் காப்பாற்றப் பார்க்கிறோமோ அதையே முதுகில் கட்டிவிடுவது போல. பி.எச். பேனா என்று ஒன்று விற்கிறது. கோடு போட்டால் ஊதா ஆகவேண்டும், மஞ்சளானால் அமிலம். மேலே மட்டும் போட்டுப் பார்க்காதே, ஓரத்தில் ஒரு படலத்தை உரித்து உள்ளே போட்டுப் பார். கடைசியில் படத்துக்குச் சட்டம் போடுகிறவர்களிடம் கிடைத்தது, கால்சியம் கார்பனேட் கலந்த மவுண்ட் போர்டு. அந்தச் சுண்ணாம்புச் சத்து, காகிதத்தில் இருந்து வரும் அமிலத்தைக் கொஞ்ச காலம் தாங்கும். புத்தகத்தின் பின்னால் அதை வைத்து, உறையின் மேல்பக்கத்தை மூடாமல் விட்டுவிடு.

உனக்கு இன்னொரு வழியும் சொல்கிறேன், செலவில்லாதது. ஆசிட் இல்லாத கனத்த தாளைக் கூட்டல் குறி வடிவில் வெட்டி, நடுவில் புத்தகத்தை வைத்து நாலு மடிப்பையும் மடித்துவிடு. பசை வேண்டாம், பிளாஸ்டிக் வேண்டாம். ஈரக்காற்றும் உள்ளே மாட்டிக்கொள்ளாது. உன் ஊருக்கு இதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

பீரோவைச் சுவரை ஒட்டிப் போடாதே, நாலு விரல் இடைவெளி விடு. அடித்தட்டில் எதையும் வைக்காதே. பரண் பக்கமே போகாதே. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி உள்ளே வை. 65 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சை வந்துவிடும். சிலிக்கா ஜெல் வாங்கினால் ஆரஞ்சு நிறம் வாங்கு, நீலத்தில் உடம்புக்கு ஆகாத கோபால்ட் இருக்கிறது. உன் அம்மா காலத்துப் பாச்சை உருண்டை வேண்டவே வேண்டாம், அந்த ஆவி நமக்கும் ஆகாது, பிளாஸ்டிக்குக்கும் ஆகாது. நடுவில் அடித்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்த புத்தகத்தில் அந்தப் பின்னை மெதுவாகக் கழற்றிவிட்டு நூலால் ஒரு தையல் போடு. ஒரிஜினல் பின் போனால் மதிப்புப் போய்விடும் என்று வாத்தியார் சண்டைக்கு வருவார். துரு காகிதத்தைத் தின்ற பிறகு பின்னை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வாராம்?

என் பையன் கேட்டான், "எல்லாம் ஸ்கேன் பண்ணி வச்சா போதாதாப்பா?" என்று. ஸ்கேனும் பண்ணத்தான் வேண்டும். அவனிடம் கோட்டையூர் ரோஜா முத்தையாவைப் பற்றிச் சொன்னேன். காரைக்குடிப் பக்கத்தில் ஒரு தனி மனிதர் வீட்டில் சேர்த்து வைத்த புத்தகமும் நோட்டீசும்தான், அவர் காலத்துக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994-இல் சென்னையில் நூலகமாக ஆனது. நம் இரண்டு பெட்டியை அதோடு ஒப்பிட நான் பைத்தியமில்லை. ஆனால் நமக்குப் பிறகு இதை யார் திறக்கப்போகிறார்கள் என்று இரண்டு மூன்று ராத்திரியாக நினைப்பு ஓடுகிறது. உன் பையனுக்கும் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வருகிறது. இதைப் பற்றி நாம் நேரில் பேசவேண்டும், விளையாட்டில்லை.

அடுத்த வாரத்துக்குள் உன் பீரோ தட்டின் அகலம், ஆழம் இரண்டையும் அளந்து அனுப்பு. அட்டையை இங்கேயே வெட்டி, உன் பாதியோடு சேர்த்து வாத்தியார் கையில் கொடுத்தனுப்புகிறேன். முதல் 'இரும்புக்கை மாயாவி' யாருக்கு என்று சீட்டுக் குலுக்கிப் பார்த்தேன். எனக்குத்தான் விழுந்தது. சாட்சிக்கு வீட்டம்மா இருக்கிறாள்.

அன்புடன்,
உன் குண்டன்