பிரேக் பெடல் கோளாறு இரண்டு முறையும் தவறாகக் கணிக்கப்பட்டது தொடர்பான புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் 4, மார்ச் 18 ஆகிய இரண்டு நாளும் உங்கள் ஒர்க்‌ஷாப்பில் விடப்பட்ட காரைப் பற்றியது இந்தப் புகார். 2008இல் பதிவாகி, சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) 10 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்ட 1.6 லிட்டர் ஆட்டோ கியர் கார். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உண்டு. வண்டி எண் ரசீதில் இருக்கிறது. முதல் முறை 380 வெள்ளி, இரண்டாம் முறை 90 வெள்ளி, ஆக 470 வெள்ளி வாங்கினீர்கள். கோளாறு போகவில்லை, முன்பைவிட மோசமாயிற்று.

முகப்பில் நான் சொன்னது இதுதான்: "சிக்னலில் டி கியரில் நிற்கும்போது பிரேக்கில் லேசாகக் கால் வைத்திருந்தால் பெடல் தானாக மெல்ல இறங்குகிறது. தினமும் அப்படி இல்லை." வேலைச்சீட்டில் உங்கள் ஊழியர் எழுதியது: "பெடல் சாஃப்ட்." தவறு அங்கேயே தொடங்கிவிட்டது. மிதித்ததும் பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று. முதல் மிதியில் தாழ்ந்து, அடுத்த மிதியில் மேலே வந்து நின்றால் பின் டிரம்மில் ஷூ இடைவெளி கூடியிருக்கும், அல்லது சக்கர பேரிங்கில் ஆட்டம் இருக்கும். நன்றாக நின்ற பெடல் காலுக்கடியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போவது இவை இரண்டிலும் சேராது. பிரேக் எண்ணெய்த் தொட்டியில் அளவு குறையவில்லை, சக்கரங்களில் ஈரம் இல்லை என்று உங்கள் சீட்டிலேயே இருக்கிறது. அப்படியானால் எண்ணெய் வெளியே போகவில்லை. பெடலின் அழுத்தத்தை எண்ணெய் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் பம்ப்புக்குள்ளேயே சீலைத் தாண்டித் தொட்டிப் பக்கம் திரும்புகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சீட்டில் "சோதித்தோம், பிரச்சினை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிச் சோதித்தார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரவு முழுக்க நின்று ஆறிப்போன வண்டியில் ஏறி, ஓங்கி ஒரே மிதி, இரண்டு மூன்று விநாடி, "ஓகே." இந்தக் கோளாறை மறைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. பம்ப் சீலின் ரப்பர் விளிம்பு எண்ணெயின் அழுத்தத்தால்தான் விரிந்து சுவரோடு ஒட்டுகிறது. ஓங்கி மிதித்தால் தேய்ந்த விளிம்புகூட இறுகப் பிடித்துக்கொள்ளும். லேசாக மிதிக்கும்போதுதான் அது முழுதாக விரியாமல், தேய்ந்த பக்கமாக எண்ணெய் நழுவும். எஞ்சின் அறை சூடேறி எண்ணெய் இளகியபின் இன்னும் எளிதாக நழுவும். காலையில் நன்றாக இருந்து மாலை நெரிசலில் இறங்குவதற்கு இதுவே காரணம். 30 நிமிடம் ஓட்டிச் சூடாக்கிய வண்டியில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கால் விரல்களால் மட்டும் மெல்ல அழுத்தி ஒரு நிமிடம் பிடித்திருந்தால் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும்.

"இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆன வண்டிதானே" என்றார் உங்கள் ஊழியர். 10 ஆண்டைத் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு, சரி. ஆனால் ரோலரில் சில விநாடி பலமாக மிதித்து அளப்பது பிரேக்கின் பிடிமானத்தை. மெல்லிய அழுத்தத்தில் பெடல் இறங்குவதை அது காட்டாது.

மார்ச் 18 அன்று இருவர் சேர்ந்து பிரேக் குழாய்களிலிருந்து காற்று எடுத்தார்கள். ஒருவர் பெடலைத் தரைவரை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்தார். புது வண்டியில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. இத்தனை ஆண்டு ஓடிய பம்ப்பில் பிஸ்டன் வழக்கமாகப் போய்வரும் தூரம் கொஞ்சம்தான். அதைத் தாண்டிய பகுதியில் படிவும் அரிப்பும் சேர்ந்திருக்கும். தரைவரை மிதித்தால் சீல் அந்தச் சொரசொரப்பில் உராய்ந்து கிழியும். பெடலுக்கடியில் ஒரு மரக்கட்டை வைத்திருந்தால் போதும், அல்லது வேக்யூம் பம்ப் போட்டு உறிஞ்சியிருக்கலாம். அதற்கு முன் நாலைந்து நாளுக்கு ஒரு முறை இறங்கிய பெடல், அதன் பிறகு தினமும் இறங்கியது.

கடைசியாக, மிதிக்கும் விசையைக் கூட்டித்தரும் பூஸ்டரை மாற்ற 850 வெள்ளி என்று விலைப்புள்ளி தந்தீர்கள். பூஸ்டர் கெட்டால் பெடல் கல்லாக இறுகும், இப்படி இறங்காது. அதைச் சோதிக்கக் கருவியே வேண்டாம். எஞ்சினை நிறுத்தி நாலைந்து முறை மிதித்து, பெடல் இறுகியதும் காலை எடுக்காமல் எஞ்சினை ஓட்டினால் பெடல் சற்றே தாழ வேண்டும். இந்தக் காரில் தாழ்கிறது. பூஸ்டர் வேலை செய்கிறது.

பிறகு வேறொரு ஒர்க்‌ஷாப்பில் பம்ப்பின் இரண்டு வாய்களிலும் இருந்த குழாய்களைக் கழற்றி, 10 மில்லிமீட்டர் பிளக் போட்டு அடைத்து, பெடலை மெல்ல அழுத்தினார்கள். வாய்கள் அடைத்திருக்கும்போது எண்ணெய் ஏபிஎஸ் பெட்டிக்கும் போக முடியாது, சக்கரத்துக்கும் போக முடியாது. அப்போதும் பெடல் இறங்கியது. இருபது நிமிட வேலை, சந்தேகத்துக்கே இடமில்லை. பம்ப்பைப் பிரித்தபோது, பெடல் பக்கத்துப் பிஸ்டனின் சீல் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் மழுங்கி, ஓரத்தில் நகம் நுழையுமளவு கீறல் இருந்தது. சுவரில் பிஸ்டன் வழக்கமாக எட்டாத இடத்தில் வளையமாகக் கறுப்புப் படிவு, அதில் சிறு சிறு குழிகள். சுவர் அரித்துவிட்டதால் சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை என்று பம்ப்பையே மாற்றி, பொருத்துவதற்கு முன் மேசையில் வைத்துக் காற்றை எடுத்தார்கள். இப்போது எத்தனை நிமிடம் பிடித்தாலும் பெடல் அசைவதில்லை.

எல்லாப் பணத்தையும் கேட்கவில்லை. முன் பேட் 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தது, மாற்றியது சரி. எண்ணெய் மாற்றியதும் சரி. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், இந்த ஊரின் ஈரக்காற்றில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லதுதான். ஆனால் முதல் முறை டிஸ்க்கைக் கடைந்து சமப்படுத்தியதற்கு 100 வெள்ளி எதற்கு? பெடல் துடிக்கவில்லை, ஸ்டியரிங் உதறவில்லை. அந்த 100 வெள்ளியையும் இரண்டாம் முறை வாங்கிய 90 வெள்ளியையும் திருப்பித் தர வேண்டும். தொட்டியை மேல்கோட்டுக்கு மேல் நிரப்பியதில் எண்ணெய் வழிந்து, அதன் கீழே உள்தகட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் உரிந்திருக்கிறது. சிந்தியதும் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தால் இது நேர்ந்திருக்காது. அதையும் சரிசெய்து தர வேண்டும். "பிரச்சினை இல்லை" என்ற சீட்டைத் திருத்தி, மாஸ்டர் பம்ப் சோதிக்கப்படவில்லை என்று எழுத்தில் கொடுங்கள்.

14 நாளுக்குள் பதில் வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் செய்வேன். அங்கும் முடியாவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போவேன்.

இரண்டு ரசீதுகள், வேலைச்சீட்டு, பூஸ்டர் விலைப்புள்ளி, பெயின்ட் உரிந்த இடத்தின் படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். பழைய பம்ப்பைப் பிரித்த நிலையிலேயே வைத்திருக்கிறேன். உங்கள் மெக்கானிக் பார்க்க விரும்பினால் சனிக்கிழமை காலை கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்