ஏற்காட்டுக்கு ஐந்து டிகிரி தள்ளுபடி

சேலம்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடுதாசி வந்தது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, நீ அங்கே ஏற்காட்டில் அடுப்பு மூட்டி ஃபட்ஜ் என்கிற சாக்லேட் மிட்டாய் கிண்டுகிறாய், கொடுத்துவைத்தவன்!

கல் மாதிரி இறுகுகிறது, வாயில் போட்டால் நறநற என்கிறது என்று எழுதியிருந்தாய். அவை இரண்டும் வேறு வேறு கோளாறு. முதலாவது மலையின் வேலை, இரண்டாவது உன் கரண்டியின் வேலை.

பாகு காய்ச்சக் குறிப்பில் இருக்கும் 113 டிகிரி செல்சியஸ் கடல்மட்டக் கணக்கு, அங்கே தண்ணீர் கொதிக்கும் 100 டிகிரிக்கு மேல் 13. ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம், தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். நீ 113 வரைக்கும் காத்திருந்தால் பாகு அளவுக்கு மீறிச் சுண்டிவிடும். வெறும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு தெர்மாமீட்டரை அமிழ்த்து. காட்டுகிற எண்ணோடு 13 கூட்டு. உனக்கு 108 வரும். தெர்மாமீட்டர் கொஞ்சம் பிசகாக இருந்தாலும் இதிலேயே சரியாகிவிடும். அதிரசப் பாகுக்குப் பார்ப்பதுபோல் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டும் பார். திரட்டினால் உருள வேண்டும், வெளியே எடுத்ததும் விரலில் தளர்ந்து சப்பையாக வேண்டும். கிண்ணத்தில் தட்டி 'டங்'கென்றால் கடலைமிட்டாய்ப் பதம், தாண்டிப்போச்சு.

சர்க்கரை 300 கிராம், கோகோ 30 கிராம், தண்ணீர் கலக்காத பால் 175 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. பொங்கும், பெரிய அடிகனமான பாத்திரமாக எடு. சர்க்கரை முழுக்கக் கரைந்து கொதி வரும்வரை கிளறு, அதற்குப் பிறகு கரண்டியைத் தொடாதே. ஓரத்தில் ஒட்டிய சர்க்கரையை ஈரப் பிரஷ்ஷால் வழித்து விடு. அதில் ஒரு மணி உள்ளே விழுந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு மொத்தமும் படிகமாகப் பூத்துவிடும்.

பதம் வந்ததும் இறக்கி, 30 கிராம் வெண்ணெயையும் அரை ஸ்பூன் வெனிலாவையும் மேலே போட்டு அப்படியே விடு. அசைக்கக் கூடாது. 45 டிகிரிக்கு இறங்கும்வரை பொறுமை வேண்டும். பாத்திரத்தின் அடியைத் தொட்டால் வெதுவெதுப்புதான் தெரியணும். நீ தவறியது இங்கேதான் என்று நினைக்கிறேன். சூட்டோடு கிளறினால் சர்க்கரை பெரிய பெரிய படிகமாகக் கட்டும், அதுதான் அந்த நறநற. ஆறியபின் விடாமல் அடித்தால் நாக்குக்குத் தெரியாத பொடிப் படிகமாகும். கை வலிக்கும். பளபளப்பு மங்கி, கரண்டி இழுத்த தடம் மறையாமல் நிற்கிற நொடியில் வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டிவிடு. தாமதித்தால் பாத்திரத்திலேயே உறைந்துவிடும்.

கெட்டுப்போனதைத் தூக்கி எறியாதே. அரை டம்ளர் பால் விட்டுச் சிறுதீயில் கரைத்து, திரும்ப 108க்குக் காய்ச்சு.

உங்கள் ஊர்க் காப்பியில் இரண்டு ஸ்பூன் கெட்டி டிகாக்‌ஷனைப் பாலோடு சேர்த்தும் ஒரு தட்டு போட்டுப் பார். பஸ்ஸில் யாராவது இறங்கி வந்தால் நாலு துண்டு கொடுத்தனுப்பு.

உன்,
பழைய பங்காளி