பாதியில் திரும்பிய ஹைட்ரஜன்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண்புரை ஆபரேஷன் முடிந்து படிக்கக் கூடாது, எழுதக் கூடாது என்று உட்கார வைத்துவிட்டார்கள். இப்போது உன் கோழிக் கிறுக்கல்கூடப் பளிச்சென்று தெரிகிறது.

பேத்தி கேக் பெட்டியைப் படித்துக் காட்டிப் பயமுறுத்தினாளாமே. எண்ணெயில் ஹைட்ரஜன் சேர்த்தால் கெடுதலா என்று கேட்டிருக்கிறாய். ஹைட்ரஜன் மேல் குற்றமில்லை. பாதியில் நிறுத்தியதுதான் வினை.

நிக்கலை வைத்து ஹைட்ரஜன் ஏற்றும் வழியைக் கண்ட வேதியியலர், பிரான்சின் துளூஸ் நகரத்து சபாத்தியே ஞாபகமிருக்கிறதா? பாரிஸில் முவாசான், மூரே என்ற இரு வேதியியலர்கள் நிக்கல் மேல் அசிட்டிலீன் வாயுவை விட்டார்கள். உலோகம் கனன்றது, கரி படிந்தது, அதோடு விட்டுவிட்டார்கள். நீங்கள் இதைத் தொடரப்போவதில்லையே என்று முவாசானிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான், 1897இல் சபாத்தியே எத்திலீன் வாயுவைக் கையில் எடுத்தார். (இன்றைக்கு யார் இப்படிக் கேட்கிறார்கள்!) அவருக்கும் கரிதான் படிந்தது. ஆனால் வெளியே வந்த வாயுவையும் சோதித்தார். அதில் பெரும்பகுதி ஈத்தேன். சிதைந்த எத்திலீனின் ஹைட்ரஜன் சிதையாத எத்திலீனோடு சேர்ந்திருக்கிறது! அப்புறம் பென்சீனிலேயே ஹைட்ரஜன் ஏற்றி சைக்ளோஹெக்சேன் ஆக்கினார். 1912இல் நோபல்.

நிக்கல் என்னதான் செய்கிறது? ஹைட்ரஜன் மூலக்கூறு லேசில் பிரியாது. உலோகப் பரப்பில் உட்கார்ந்ததும் இரண்டு அணுக்களும் தனித்தனியாகின்றன. பக்கத்தில் எத்திலீன் தன் இரட்டைப் பிணைப்பைத் திறந்துகொண்டு உலோகத்தைப் பற்றுகிறது. முதலில் ஓர் ஹைட்ரஜன் ஏறுகிறது. இன்னொன்றும் ஏறினால் ஈத்தேன். உலோகத்தை விட்டுக் கிளம்பிவிடும்.

அந்த இரண்டாவது ஏறாமல், முதலில் ஏறியதும் இறங்கிவிடலாம் என்பதுதான் விஷயம். 1934இல் மான்செஸ்டரில் ஹொரியூட்டி, போலன்யி என்ற இரு வேதியியலர்கள் சொன்னது இதைத்தான். சாதா ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜனை விட்டால், ஈத்தேனாகாமல் திரும்பிய எத்திலீனிலும் டியூட்டீரியம் இருக்கிறது. ஏறி இறங்கியதற்குச் சாட்சி.

இதை அப்படியே எண்ணெய்க்குக் கொண்டுபோ. தாவர எண்ணெயின் நீண்ட கரிமச் சங்கிலி, இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் வளைந்திருக்கும். ஓர் ஹைட்ரஜன் ஏறியதும் அந்த இடம் ஒற்றைப் பிணைப்பாகி, தாராளமாகச் சுழலும். சுழன்ற பிறகு ஹைட்ரஜன் இறங்கினால் இரட்டைப் பிணைப்பு திரும்ப வருகிறது, வளைவு வருவதில்லை. நிமிர்ந்த அந்தச் சங்கிலிதான் கெடுதல் என்கிற டிரான்ஸ் கொழுப்பு. முழுக்க ஹைட்ரஜன் ஏற்றினால் இரட்டைப் பிணைப்பே மிஞ்சாது, டிரான்ஸும் இருக்காது. ஆனால் மெழுகு மாதிரி இறுகிவிடும், யார் பூரி பொரிப்பது? அதனால்தான் வனஸ்பதிக்காரர்கள் பாதியில் நிறுத்தினார்கள். 2022 ஜனவரியிலிருந்து கொழுப்பிலும் எண்ணெயிலும் டிரான்ஸ் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்தியாவில் சட்டம். பேத்தியிடம் இதைச் சொல்.

நிக்கல் என்றதும் நம் லேப் குப்பைக்கூடை நினைவுக்கு வருகிறது. ரானே நிக்கல் (காய்ந்தால் தானே தீப்பிடிக்கும் நிக்கல் தூள்) ஒட்டிய வடிதாளை ஈரம் காயவிட்டு எறிந்தவன் நீ, திட்டு வாங்கியவன் நான். ஐம்பது வருஷமாகியும் நீ ஒப்புக்கொள்ளவில்லை.

தை பிறந்ததும் வருகிறேன். அந்த மஞ்சள் டால்டா டப்பாவில் வைத்த துளசி இன்னும் இருக்கிறதா?

அன்புடன்,
உன் பழைய லேப் கூட்டாளி