வாசகர் வட்டச் செயலரின் ஆண்டறிக்கை (2024 ஜூலை – 2025 ஜூன்): திருத்தந்தை 23ஆம் யோவானைப் பயின்ற ஓராண்டு

பங்குத்தந்தை அவர்களுக்கும், வாசகர் வட்டத் தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், இந்தப் பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் முடிய நமது பங்கின் வாசகர் வட்டம் ஆற்றிய பணிகளைப் பற்றிய இவ்வறிக்கையைத் தங்கள் முன் வைக்கிறேன்.

மாதந்தோறும் ஒவ்வொரு தலைப்பாக எடுத்துப் பேசிக் கலைவதை விட்டு, ஆண்டு முழுவதும் ஒருவருடைய வாழ்வையே ஆழ்ந்து பயில்வது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். புனிதராக உயர்த்தப்பட்டுப் பத்தாண்டு நிறைவெய்திய திருத்தந்தை 23ஆம் யோவான் ஒருமனதாகத் தேர்வானார். நம்மில் பலருக்கு அவரைப் பற்றித் தெரிந்தவை இரண்டே செய்திகள்: அவர் உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டினார், மக்கள் அவரை 'நல்ல திருத்தந்தை' என்று அழைத்தார்கள். 1958 அக்டோபர் 28 அன்று தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு 77 வயது நிறைய ஒரு மாதமே இருந்தது. சில ஆண்டுகள் திருஅவையை அமைதியாக நடத்திச் செல்வார் என்பதே பலருடைய எதிர்பார்ப்பு. அத்தகையவர் மூன்று மாதத்திற்குள் பொதுச்சங்கத்தை அறிவித்ததை, எளிய மனிதர் ஒருவருக்குத் திடீரென்று தோன்றிய எண்ணமாகவே பலரும் சொல்லிச் செல்கிறார்கள். அவ்வெண்ணம் அவரது ஐம்பதாண்டு வாழ்வில் மெல்ல விளைந்தது என்பதே இவ்வாண்டுப் படிப்பு எங்களுக்குக் காட்டிய உண்மை. ஆகவே அவரது வாழ்வை 1958இலிருந்து அல்லாமல் 1881இலிருந்து படித்தோம்.

இத்தாலியின் பெர்காமோ பகுதியில் சோத்தோ இல் மோன்தே என்னும் சிற்றூரில், 1881 நவம்பர் 25 அன்று ஆஞ்செலோ ஜுசெப்பே ரொன்கால்லி பிறந்தார். விளைச்சலில் ஒரு பங்கை நில உரிமையாளருக்கு அளந்துவிட்டு மீதியில் பிழைத்த வாரக் குடியானவர் குடும்பம் அது. வாரமும் குத்தகையும் இன்னதென்று தஞ்சைப் பகுதியில் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை என்பதால், முதல் கூட்டத்திலேயே அவர் எங்களுக்கு நெருக்கமானவராகிவிட்டார். 1904இல் உரோமையில் குருவான அவர், மறு ஆண்டே பெர்காமோவின் புதிய ஆயர் ரதினி-தெதெஸ்கியின் செயலரானார். 1909இல் ரானிக்கா என்ற ஊரின் நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அந்த ஆயர் வெளிப்படையாகத் தொழிலாளர் பக்கம் நின்று பொருளுதவியும் செய்தார். உடனிருந்த இளங்குரு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1961இல் 'மாத்தெர் எத் மாஜிஸ்த்ரா' என்னும் சுற்றுமடலில் (திருத்தந்தை எழுதும் போதனைக் கடிதத்தில்) நியாயமான கூலியைப் பற்றியும், வேளாண் மக்கள் பின்தங்கிப் போவதைப் பற்றியும் எழுதியவர் இந்த அனுபவத்தோடுதான் எழுதினார்.

எங்கள் கலந்துரையாடல்களிலேயே அதிக நேரம் எடுத்துக்கொண்டது, பொதுவாக யாரும் பேசாத ஒரு செய்தி. 1906இல் மிலான் மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில், மிலான் பேராயரான புனித சார்லஸ் பொரோமியோ 1575இல் பெர்காமோவின் பங்குகளைப் பார்வையிட்டபோது எழுதப்பட்ட பதிவேடுகளை ரொன்கால்லி கண்டார். திருஅவைச் சீர்திருத்தத்திற்காகக் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் முடிந்த பன்னிரண்டாம் ஆண்டில், அதன் முடிவுகளை ஓர் ஆயர் ஊர் ஊராகச் சென்று எவ்வாறு நடைமுறைப்படுத்தினார் என்பதற்கு அவை சான்று. அவற்றைப் பதிப்பிக்கும் வேலையைக் கையிலெடுத்த ரொன்கால்லி, தூதுப் பணிகளுக்காக நாடு நாடாக அனுப்பப்பட்ட காலத்திலும் அதைக் கைவிடவில்லை. 1936இல் தொடங்கி 1957 வரை அது ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. ஒரு பொதுச்சங்கம் ஒரு பங்கின் வாழ்வை எப்படி மாற்றும் என்பதை வாழ்நாள் முழுவதும் ஆய்ந்த வரலாற்று அறிஞர் அவர். அத்தகையவர் ஒரு சங்கத்தைக் கூட்டியதை எதிர்பாராத செயல் என்று இனி நம்மால் சொல்ல இயலாது. அவரை வெறும் வெள்ளை உள்ளத்தவராக மட்டும் சித்தரிப்பது அவருடைய அறிவுழைப்பிற்கு நாம் செய்யும் குறை என்பது என் உறுதியான கருத்து.

1925இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, திருத்தந்தையின் பிரதிநிதியாகப் பல்கேரியாவுக்குச் சென்றார். அங்கே கத்தோலிக்கர் மிகச் சிறுபான்மையினர்; பெரும்பான்மையோர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். 1928இல் நிலநடுக்கம் தாக்கியபோது, யார் எந்தத் திருஅவை என்று பாராமல் துயர்துடைப்புப் பணிகளை நடத்தினார். பத்தாண்டுகளுக்குப் பின் 1935இல் இஸ்தான்புல் சென்று, துருக்கிக்கும் கிரேக்கத்திற்கும் பொறுப்பேற்றார். அவ்வாண்டு அங்கே குருக்கள் பொது இடங்களில் அங்கி அணிவது தடை செய்யப்பட்டது. அவர் முறையீடு எதுவுமின்றிச் சாதாரண உடையில் நடமாடினார். போர்க்காலத்தில் பஞ்சத்தால் வாடிய கிரேக்க மக்களுக்கு உணவு சென்றடையவும், ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூதர்கள் பாலஸ்தீனத்திற்குப் போய்ச் சேரவும், தம் பதவி தந்த ஒவ்வொரு வாய்ப்பையும் பயன்படுத்தினார்.

அந்த ஆண்டுகளில் அவர் செய்த ஒரு சிறிய செயலை இங்கே தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். வழிபாட்டில் இறைவனைப் போற்றும் மன்றாட்டுகளைத் துருக்கி மொழியில் சொல்லச் செய்தார். சிலர் மனம் ஒவ்வாமல் ஆலயத்தைவிட்டு வெளியேறினர். ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. இதைப் படித்த நாளில், நம் வட்டத்தின் மூத்த உறுப்பினர்கள் தங்கள் சிறுவயதில் கண்ட இலத்தீன் பூசையை நினைவுகூர்ந்தார்கள். குருவானவர் பீடத்தை நோக்கி நின்று தாழ்ந்த குரலில் செபிக்க, கீழே மக்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்ததையும், நற்கருணை மன்றாட்டு முதன்முதலாகத் தமிழில் ஒலித்த நாளில் தம் தாயார் அழுததையும் ஓர் அம்மா எடுத்துச் சொன்னபோது, இளையோர் பலர் மேலும் மேலும் கேள்வி கேட்டார்கள். அந்தக் கூட்டம் வழக்கமான நேரத்தைத் தாண்டி நீண்டது. அதே வேளையில், 1962 பிப்ரவரியில் குருமடங்களில் இலத்தீனைக் காக்க வேண்டும் என்று வலியுறுத்தும் ஆவணத்தில் கையெழுத்திட்டவரும் இதே திருத்தந்தைதான் என்பதை உறுப்பினர் ஒருவர் சுட்டிக்காட்டினார். அது சரியான சுட்டிக்காட்டல். பழைமையை மனமார நேசித்தவர் அவர். அந்த நேசத்தோடே வாயிலையும் திறந்துவைத்தார்.

1944 இறுதியில் பிரான்சின் திருப்பீடத் தூதரானதையும், 1953இல் கர்தினாலாகவும் வெனிஸ் நகரின் முதுபெருந்தந்தையாகவும் ஆனதையும் ஒரே கூட்டத்தில் பார்த்து முடித்தோம்.

திருத்தந்தையான முதல் கிறிஸ்து பிறப்புக் காலத்திலேயே, 1958 டிசம்பர் 26 அன்று, உரோமையின் ரெஜினா செலி சிறைக்குச் சென்றார். நீங்கள் என்னிடம் வர இயலாது, ஆகவே நான் உங்களிடம் வந்தேன் என்ற பொருளில் கைதிகளிடம் பேசிய அவர், தம் உறவினர் ஒருவரும் அனுமதியின்றி வேட்டையாடிச் சிறை சென்றதை மறைக்காமல் சொன்னார். இதை வாசித்ததோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்று மகளிர் உறுப்பினர்கள் வற்புறுத்தியதன் பேரில், சிறைப்பணியில் ஈடுபட்டுள்ள அருள்சகோதரிகளுடன் இணைந்து, உரிய அனுமதி பெற்று, கிறிஸ்து பிறப்பு வாரத்தில் நமது பகுதியின் கிளைச் சிறைக்குச் சென்று வந்தோம். இப்பணியைத் தொடர்ந்து செய்யவும் உறுப்பினர் சிலர் பெயர் கொடுத்துள்ளனர்.

1959 ஜனவரி 25 அன்று, உரோமையின் புனித பவுல் பெருங்கோவிலில் கூடியிருந்த கர்தினால்களிடம் பொதுச்சங்கத்தை அறிவித்தார். வரவேற்பு ஆரவாரமாக இல்லை. கர்தினால்கள் மௌனமாகக் கேட்டார்கள். 1960இல் கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான செயலகத்தை நிறுவி, அதைக் கர்தினால் பெயாவிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு இன்றைய டான்சானியாவின் லவ்ரியன் ருகம்ப்வாவை ஆப்பிரிக்கக் கறுப்பினத்தவருள் நவீன காலத்தின் முதல் கர்தினாலாக உயர்த்தினார். பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரைப் பழித்த சொல்லை அதற்கு முன்பே, 1959இல், நீக்கியிருந்தார். 1960 ஜூனில் யூத வரலாற்றறிஞர் ஜூல் இசாக்கைச் சந்தித்ததன் விளைவாக உருவாகத் தொடங்கிய ஆவணமே, 1965 அக்டோபர் 28 அன்று இந்து சமயத்தையும் இஸ்லாமையும் பௌத்தத்தையும் மரியாதையோடு குறிப்பிடும் சங்க ஏடாக வெளிவந்தது. பல்கேரியத் தலைநகர் சோபியாவிலும் இஸ்தான்புல்லிலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிறர் நடுவே சிறுபான்மையாக வாழ்ந்திராவிட்டால், இக்கதவுகளை அவர் தட்டியிருப்பாரா என்பது ஐயமே.

1962 அக்டோபர் 11 அன்று ஏறக்குறைய 2,500 ஆயர்கள் கூட, சங்கம் தொடங்கியது. அழிவையே முன்னறிவிப்போரின் பேச்சுக்குத் தாம் இணங்கவில்லை என்று தொடக்க உரையில் கூறியவருக்கு வயிற்றில் புற்றுநோய் இருப்பது, சில வாரங்களுக்கு முன்புதான் தெரியவந்திருந்தது. நவம்பர் 20 அன்று, இறைவெளிப்பாட்டைப் பற்றிய முன்வரைவை விவாதத்திலிருந்து விலக்க வேண்டும் என்று 1,368 பேரும், விலக்க வேண்டாம் என்று 822 பேரும் வாக்களித்தனர். பெரும்பான்மையோர் அதை ஏற்கவில்லை. ஆயினும் விலக்கத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு எட்டவில்லை. விதிப்படி அந்த வரைவே தொடர்ந்திருக்க வேண்டும். மறுநாளே திருத்தந்தை தலையிட்டு, அதை ஒரு புதிய கூட்டுக் குழுவிடம் மறுபடி எழுதக் கொடுத்தார். அந்தத் திருத்தத்தின் முடிவாக 1965இல் வெளிவந்த ஏடுதான், விவிலியம் இறைமக்கள் அனைவருக்கும் தாராளமாகத் திறந்திருக்க வேண்டும் என்று அறிவித்தது. பொதுநிலையினர் கூடி விவிலியம் படிக்கும் நமது வட்டம் போன்ற அமைப்புகள் அந்த நவம்பர் நாளுக்குக் கடமைப்பட்டவை.

அச்சங்கத்தில் பங்கேற்றவர்களுள் செஞ்சி அருகே கல்லேரியில் பிறந்த சைமன் லூர்துசாமியும் ஒருவர். அவரை 1962இல் பெங்களூரின் துணை ஆயராக நியமித்தவர் திருத்தந்தை 23ஆம் யோவானே. பிற்காலத்தில், 1985இல், அவர் கர்தினாலானார். சங்கம் நடந்துகொண்டிருந்த அதே வேளையில், 1962 நவம்பர் 3 அன்று, வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னை ஆலயத்தைப் பசிலிக்காவாக உயர்த்தியவரும் திருத்தந்தை 23ஆம் யோவானே. அந்நாள் 2024இல் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்ததால், உறுப்பினர்கள் குடும்பத்தோடு வேளாங்கண்ணி சென்று திருப்பலியில் பங்கேற்றோம். ஆண்டுதோறும் அங்கே நடந்து செல்லும் நம்மவருள் பலருக்கு இச்செய்தி புதிது என்பதால், அதைக் கொண்ட துண்டறிக்கை ஒன்றை அச்சிட்டு நமது பங்கு மக்களுக்கு வழங்கினோம்.

கியூபா ஏவுகணை நெருக்கடி முற்றியிருந்த 1962 அக்டோபர் 25 அன்று, அமைதிக்காக மன்றாடும் மக்களின் குரலைச் செவிமடுக்குமாறு ஆட்சியாளர்களை வத்திக்கான் வானொலி வழியே அவர் வேண்டினார். 1963 ஏப்ரல் 11, பெரிய வியாழனன்று, 'பாச்செம் இன் தெரிஸ்' ('உலகில் அமைதி') வெளிவந்தது. நல்மனம் கொண்ட மக்கள் அனைவரையும் விளித்து எழுதப்பட்ட முதல் சுற்றுமடல் இதுவே. தொழிலாளர் எழுச்சி, பொதுவாழ்வில் பெண்களின் பங்கேற்பு, அடிமைப்பட்ட நாடுகளின் விடுதலை ஆகிய மூன்றையும் அது காலத்தின் அடையாளங்களாகக் காட்டுகிறது. தவற்றையும் தவறு செய்யும் மனிதரையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கற்பிக்கிறது. இதைத் தவக்காலத்தில் பகுதி பகுதியாக வாசித்தோம். பெண்களைப் பற்றிய பகுதி 1963இல் எழுதப்பட்டதா என்று நம் இளம்பெண்கள் வியந்தது என் நினைவில் நிற்கிறது. சுற்றுமடல் வெளிவந்து இரண்டு மாதம் நிறையுமுன், 1963 ஜூன் 3 மாலை, புனித பேதுரு வளாகத்தில் மக்கள் அவருக்காகத் திருப்பலியில் மன்றாடி முடித்த சற்று நேரத்தில், அவர் இறைவனடி சேர்ந்தார்.

2000இல் அருளாளராகவும், 2014 ஏப்ரல் 27 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலுடன் புனிதராகவும் அவர் அறிவிக்கப்பட்டார். புனிதர் பட்டத்திற்கு வழக்கமாகத் தேவைப்படும் இரண்டாம் புதுமை (அற்புதம்) வேண்டியதில்லை என்று விலக்களித்து அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்திய திருத்தந்தை பிரான்சிஸ், நாங்கள் இப்படிப்பில் இருந்தபோதே, 2025 ஏப்ரல் 21 அன்று மறைந்தார். ஏழைகளையும் கைதிகளையும் தேடிச் சென்றதில் அவ்விருவருக்கும் இருந்த ஒற்றுமை எங்கள் அஞ்சலிக் கூட்டத்தின் பேச்சில் இயல்பாகவே இடம்பெற்றது. மே 8 அன்று திருத்தந்தை 14ஆம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது.

நமது நூலகத்தில் சங்க ஏடுகளின் தமிழாக்கத்திற்கும் திருத்தந்தையரின் சுற்றுமடல்களுக்கும் தனி அடுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

வரும் ஆண்டில் சங்கத்தின் ஏடுகளையே வரிசையாகப் பயிலலாம் என்று நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. திருத்தந்தை ஆறாம் பவுலின் காலத்தில், 1963 டிசம்பர் 4 அன்று, 2,147 வாக்குகள் ஆதரவாகவும் 4 மட்டுமே எதிராகவும் பெற்று நிறைவேறிய திருவழிபாட்டு ஏடு முதலில் எடுத்துக்கொள்ளப்படும். முதல் கூட்டம் ஜூலை மாத இரண்டாம் ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பின் பங்கு மன்றத்தில் நடைபெறும். இவ்வறிக்கையையும் இப்பரிந்துரையையும் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பணியில்,
செயலர்